பலகையில் இல்லாத ஆள்

நிழலில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தான்.

சோலையப்பன் அதைக் கடைசியாகத்தான் கவனித்தான். மற்ற மூன்று பேரும் முன்னமே பார்த்துவிட்டு, வாயில் போட்ட முறுக்கை மெல்ல மறந்து நின்றார்கள். அன்னவாசல் கடைத்தெருவில் தங்கமுத்துவின் நெல் மண்டி அது. பொழுது சாய்ந்து கதவைச் சாத்தியாயிற்று. அவித்த நெல்லின் புழுக்க வாசனையும், சாக்கு வாசனையும், பெட்ரோமாக்ஸ் விளக்கின் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து காற்றே கனமாகக் கிடந்தது. எதிர்ச் சுவரில் ஆணியடித்துக் கட்டிய வெள்ளை வேட்டியில் அவனுடைய பலகையின் நிழல் ஆள் உயரத்துக்கு விரிந்து, விளக்கின் இரைச்சலுக்கு ஏற்ப லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

இந்த நாலு பேருக்கும் பிரெட் ஒர்க் பைத்தியம். வில்லாக வளைந்த இரும்புச் சட்டத்தில் நூல் பருமனுக்கு ஒரு பிளேடைப் பூட்டி, டீப்பெட்டிப் பலகையில் பூவும் கொடியும் மயிலுமாக அறுத்தெடுக்கிற வேலை. பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் சேவுகன் திருச்சிக்குப் பயிற்சிக்குப் போனவர், சர்டிபிகேட்டோடு இதையும் கொண்டுவந்து ஊரில் இறக்கினார். பஸ் கண்டக்டர் மலையாண்டி திருச்சியிலிருந்து பிளேடு வாங்கி வருவான். தங்கமுத்து இடமும் முறுக்கும் கொடுப்பார். பாத்திரக்கடை சோலையப்பன் பேச்சு கொடுப்பான்.

மாதத்துக்கு ஒரு சாயங்காலம் ஆளாளுக்கு அறுத்ததைக் கொண்டுவந்து நிழல் பார்ப்பார்கள். கையில் வைத்துத் தடவினால் எல்லாச் சாமானும் நல்ல சாமான்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிட்டால் பாதிக் குறையை மறைத்துவிடலாம். நிழலில் மறைக்க முடியாது. பிளேடு வழுக்கிய இடம், பிசிறு, கோணல் எல்லாம் பெரிதாகி வந்து சுவரில் நிற்கும். நின்றதும், “இது யார் அறுத்தது?” என்று மற்றவர்கள் கேட்பார்கள். பலகைக்காரன், “நான்தான் அறுத்தேன்” என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மழுப்பினால் அடுத்த மாதக் காராச்சேவுச் செலவு அவன் தலையில்.

சோலையப்பன் கொண்டுவந்திருந்தது, ஊஞ்சலில் பக்கவாட்டில் உட்கார்ந்து பூக்கட்டுகிற ஒரு பெண். சுற்றிலும் முல்லைக்கொடி. பெண் வேறு யாருமில்லை, அவன் மனைவி செங்கமலம். அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, விளக்கு வைத்து, விழுந்த நிழலைத் தாளில் கோடிழுத்து எடுத்த உருவம். போன வருடம் விஷக்காய்ச்சலில் அவள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் இவன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். பிழைத்துவிட்டாள். ஆனால் அந்த ஜன்னல் இவனை விடவில்லை. கடையில் ஒரு தாம்பாளம் கை தவறி விழுந்தால்கூட வீட்டில் அவளுக்கு என்னவோ என்று கடை வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பான். அவள் உருவம் ஒரு மரத்திலாவது நிலையாக இருக்கட்டும் என்றுதான் அறுத்தான்.

“மாப்ளே, தங்கச்சிக்குப் பின்னால உக்காந்திருக்கிறது யாரு?” என்றான் மலையாண்டி.

ஊஞ்சலுக்குப் பின்னால், கொடி அடர்ந்த இடத்தில், ஒரு காலை மடக்கி ஒரு ஆண் குந்தியிருந்தான். தலை குனிந்திருந்தது. முழங்கை தூக்கியிருந்தது.

“கையைப் பாருங்கய்யா. நம்ம ரம்பம்ல வச்சிருக்கான்” என்றார் தங்கமுத்து.

சேவுகன் வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பலகைக்கு அருகே வந்தார். “பலகையில இது எங்கிட்டு இருக்கு? கொடிதானப்பா இருக்கு. இலையும் தண்டும் சேந்து நிழல்ல ஆளா விழுகுதா? இப்படி ஒரு வேலையை நான் திருச்சியிலயே பாக்கலையே.”

சோலையப்பன் பலகையைப் பார்த்தான். கொடி. இலை. இலைக்கு நடுவே காற்று. ஆள் இல்லை. அவன் அறுக்கவில்லை.

அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று தலைமுறையாகப் பாத்திரம் விற்கிற குடும்பம். வாங்க வந்தவன் குடத்தைத் தட்டிப் பார்த்து ஓசையில் சொக்கி நிற்கும்போது, அது விரிசல் ஓசை என்று எடுத்துக்கொடுக்கிற பிள்ளை அந்த வம்சத்தில் பிறந்ததில்லை.

“அதுதான் விசேஷம்” என்றான்.

“முறைப்படி கேக்கணும்ல” என்று தங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். “இது யார் அறுத்தது?”

“நான்தான் அறுத்தேன்.”

“அந்த ஆளு யாரு?”

ஏதாவது சொல்லவேண்டும். “நான்தான்ணே. வேலை செஞ்சவன் ஒரு மூலையில இருக்க வேணாமா?”

“சரிதான். பாத்திரக்கடையில பொம்பளைக கூட்டம் நின்னாக்கூட எட்டு மணிக்கு முன்னால வீட்டுக்கு ஓடுற ஆளு. பலகையிலயும் பொண்டாட்டி பின்னாலயே போய் உக்காந்துட்டான்” என்றான் மலையாண்டி.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடி பலகையை விளக்கின் முன்னாலிருந்து எடுத்தான். பலகை கைக்கு வந்துவிட்டது. கொடி போயிற்று, ஊஞ்சல் போயிற்று, பெண் போயிற்று. குந்தியிருந்தவன் மட்டும், ஒரு கண்சிமிட்டும் நேரம், வெறும் வேட்டியில் தனியாக இருந்துவிட்டுப் போனான்.

வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. மலையாண்டி முறுக்குக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போகிற வழி நெடுக அவன் துண்டில் சுற்றிய பலகையை விரலால் தடவிக்கொண்டே போனான். இது தண்டு, இது இலை, இது மொட்டு என்று ஒவ்வொன்றும் அவன் ராப்பகலாக உட்கார்ந்து அறுத்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவான். எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. சித்தன்னவாசல் மலைப்பக்கமிருந்து சூடு ஆறாத பாறையின் வாசனையோடு காற்று வந்தது.

செங்கமலம் கதவைத் திறந்தவள், அவனையும் அவன் கையிலிருந்த துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இப்பத்தான் வாரீங்களா?”

“ஆமா. ஏன்?”

“அப்ப கொல்லை ரூம்புல அறுத்துக்கிட்டு இருந்தது யாரு? நீங்க வந்து உக்காந்துட்டீங்கன்னு நெனச்சு தோசை ஊத்திட்டேன். ஆறிப்போச்சு.”

கொல்லை அறையில்தான் அவனுடைய ரம்பமும் பலகைகளும் இருந்தன. விளக்கோடு போய்ப் பார்த்தான். ரம்பம் ஆணியில் தொங்கியது. தொட்டான். பிளேடு சுட்டது.

எலியாக இருக்கும் என்று அவளிடம் சொன்னான். எலி பிளேடைச் சுடவைக்குமா என்று தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. சில கேள்விகளைக் கொள்முதல் செய்தால் விற்கமுடியாது என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் அவள் விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்குப் போனதும், கொல்லை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பலகையைச் சிம்னி விளக்கின் முன்னால் பிடித்தான். சுண்ணாம்புச் சுவரில் ஊஞ்சல் எழுந்தது. கொடி எழுந்தது. அந்த ஆளும் எழுந்தான். நேற்றுக் கொடிக்குள் இருந்தவன் இன்று ஊஞ்சல் சங்கிலியை ஒட்டிக் குந்தியிருந்தான். முழங்கை இறங்கியிருந்தது. தூக்கிய முழங்கை இறங்கினால் ஒரு இழுப்பு அறுத்தாயிற்று என்று அர்த்தம்.

பலகையைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டான். வெளிச்சம் படாவிட்டால் நிழல் எங்கிருந்து வரும். அந்தக் கணக்கு அவனுக்குச் சரியாகப் பட்டது.

நிழல் வரவில்லை. அறுக்கிற ஓசை வந்தது. அவன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து அவளுக்கு மட்டும் கேட்டது. கட்டில் காலடியில் மாவு போல மெல்லிய தூள் கிடப்பதாக அவள் தினமும் கூட்டித் தள்ளினாள்; வண்டு துளைக்கிறது, வேப்பெண்ணெய் தடவுங்கள் என்றாள். அவன் அந்தத் தூளை விரலில் எடுத்து முகர்ந்தான். மரவாசனை இல்லை. வெதுவெதுப்பாக, மஞ்சளும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை. அவள் கழுத்தடியில் முகம் புதைக்கும்போது வருகிற வாசனை.

ஒரு சாயங்காலம் அவள் முந்தானையை விரித்துக் காட்டினாள். “பாருங்க, இந்தக் கரப்பான் பண்ணின வேலையை. புதுச் சீலை.”

துணியில் ஓட்டைகள். கரப்பான் அரித்தால் ஓரம் நைந்து தொங்கும். இவை நையவில்லை. ஒவ்வொன்றும் நுனி கூர்ந்த சின்ன இலை. முல்லை இலை. அவனுடைய பலகையில் இருக்கிற அதே வரிசையில்.

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே ஒனக்கு?”

“எனக்கென்ன. இப்பல்லாம் லேசாத்தான் இருக்கு. பறக்குற மாதிரி.” சிரித்தாள். “காய்ச்சலுக்கு முன்னால இருந்ததைவிட லேசா இருக்கு.”

அடுத்த நாள் சேவுகன் வாத்தியார் கடைக்கு வந்தார். கடை நிறையப் பெண்கள். கல்யாணச் சீர் வாங்க வந்த ஒரு குடும்பம் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தது. வாத்தியார் அண்டாக்களுக்கு நடுவே தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

“சோலையப்பா, எனக்குத் தூக்கமே வரலப்பா. அந்த ஆளை எப்படிப் போட்ட? ஒன்கிட்ட வாங்கிட்டுப் போன வரைபடத் தாளை வச்சு நானும் அறுத்துப் பாத்தேன். ஊஞ்சல் விழுகுது, கொடி விழுகுது, ஆளு விழுகலையே. நெசத்தைச் சொல்லு. நீயாத்தான் போட்டியா, தன்னால விழுந்ததா?”

அது அவனுக்குக் கிடைத்த வாசல். இல்லை சார், நான் போடவில்லை, அது நானில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி வெளியே வந்திருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தான். சீர் வாங்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு இவனைப் பார்த்தார்கள். கடைக்காரன் தன் சரக்கைத் தன்னுடையது இல்லை என்று சொல்லப்போகிற நேரத்தில், அண்டா வாங்க வந்தவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தொழில் ரகசியம் சார்” என்றான். “நான்தான் போட்டேன்.”

கடைக்குள் எங்கோ ஒரு பித்தளைப் பாத்திரம், யாரும் தொடாமலே, மெல்ல ரீங்கரித்து ஓய்ந்தது.

அவன் அன்றைக்குச் சீக்கிரமே கடையைச் சாத்தினான். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து, பரணில் இருந்த சாக்கைப் பிரித்து, கொல்லை அறை ஜன்னலையெல்லாம் அடைத்து, விளக்கைக் கொளுத்தினான். சுவரில் பார்த்தான்.

அந்த ஆள் ஊஞ்சலில் இருந்தான். அவளுக்கு முதுகுப்பக்கம், அவளோடு ஒட்டி. குனிந்த தலை அவள் தோளில் சாய்ந்த மாதிரி. ரம்பத்தின் வில் அவள் கழுத்தைச் சுற்றி வளைந்திருந்தது. பிளேடு பூட்டத்தான் பாக்கி.

பயம் ஒரு எல்லையைத் தாண்டினால் மனிதன் தன் தொழிலுக்குள் போய் ஒளிந்துகொள்வான். நிழல் விழுந்தால் மரம் இருக்கவேண்டும். மரம் இருந்தால் அறுத்துவிடலாம். ஒரு ஊசியை எடுத்துப் பலகையில் இலை இலையாக நகர்த்திக்கொண்டே சுவரைப் பார்த்தான். ஊசியின் நிழல் கொடியில் ஏறியது, இறங்கியது. ஓரிடத்தில் அந்த ஆளின் பாதத்தைத் தொட்டது. அங்கேயே பலகையில் பார்த்தான். ஊஞ்சல் சட்டத்துக்கும் கொடிக்கும் நடுவே, இலையென்றும் சொல்லமுடியாத, தண்டென்றும் சொல்லமுடியாத ஒரு துணுக்கு. ஒரு மயிரிழைக் காம்பில் தொங்கியது. பிரெட் வேலையில் எல்லாமே ஏதாவது ஒரு காம்பில்தான் நிற்கும். காம்பு அற்றால் விழுந்துவிடும்.

ரம்பத்தை எடுத்தான். காம்பில் வைத்தான். இரண்டு இழுப்பு. துணுக்கு மடியில் விழுந்தது.

சுவரைப் பார்த்தான். ஊஞ்சல். கொடி. செங்கமலம். அவள் மட்டும்.

அழுகை வந்தது. துணுக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். எங்கிருந்து பார்த்தாலும் ஒரு உடைந்த இலைதான். அடுப்பில் போடலாம். ஆனால் நெருப்பு என்றால் வெளிச்சம், வெளிச்சம் என்றால் நிழல். தண்ணீர்தான் சரி.

“ஊருணி வரைக்கும் போயிட்டு வாரேன்” என்றான் செங்கமலத்திடம். அவள் முற்றத்தில் உட்கார்ந்து முல்லை மொட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “கதவைத் தாழ் போட்டுக்க. நான் வந்து கூப்புட்டாத்தான் தெறக்கணும். வேற யாரு வந்தாலும் தெறக்காத.”

“நல்ல கூத்து. விடிஞ்சா அடைஞ்சா இதே தெருதான். யாரு வரப்போறா?”

“சொன்னதைச் செய் தாயி.”

தாழ் விழுகிற ஓசையைக் கேட்டுவிட்டுத்தான் நடந்தான்.

ஊருணிக் கரையில் ஆள் இல்லை. சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் பனைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் செம்பு போலத் தகதகத்தது. சேறும் பாசியும் துவைகல்லில் காய்ந்த சவுக்காரமும் கலந்த வாசனை வந்தது. துணுக்கை ஓங்கி எறிந்தான். சத்தமே இல்லாமல் விழுந்தது. வளையம் விரிந்து, கரைக்கு வந்து, அவன் காலடியில் செத்தது. மார்பில் இத்தனை நாள் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிவிட்டது. இனி ரம்பம் வேண்டாம். பலகை வேண்டாம். மலையாண்டிக்கே எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடலாம்.

கரையில் நிழல்கள் நீண்டு கிடந்தன. பனைகளின் நிழல் தண்ணீர் வரைக்கும். துவைகல்லின் நிழல். தண்ணீர் குடிக்க நின்ற ஒரு ஆட்டின் நிழல், அதன் கொம்போடு.

அவன் நின்ற இடத்துக்கு முன்னால் வெறும் மண் கிடந்தது.

கையைத் தூக்கினான். மண்ணில் எந்தக் கையும் எழவில்லை. ஒரு அடி தள்ளி நின்றான். வெயில் அவன் முதுகில் சுட்டது. மண்ணிலும் சுட்டது. அவனைத் தாண்டிக்கொண்டு, நடுவில் அவன் இல்லாதது போல.

அப்போதுதான் புரிந்தது. காம்பை அறுத்தால் எதுவும் அழிவதில்லை. பலகையை விட்டுக் கழன்றுவிடுகிறது. அவ்வளவுதான். இத்தனை வருடம் எத்தனை ஆயிரம் காம்பு அறுத்தவன். அந்த ஆளைப் பிடித்துவைத்திருந்தது அந்த ஒரு மயிரிழை. அதைத் தன் கையாலேயே.

ஓடினான்.

தெரு. வண்டி மாடு. யாரோ “என்னங்க செட்டியாரே” என்றார்கள், கேலியாக. செருப்பு ஒன்று போயிற்று. வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. வாசலுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது.

கதவு தாழிட்டிருந்தது. தட்டினான்.

“யாரது?” செங்கமலத்தின் குரல்.

“நான்தான். தெற.”

தாழ் அசையவில்லை. பிறகு அவள் யாரிடமோ, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில், “ஏங்க, நீங்கதான்னு சொல்றாங்க” என்றாள்.

அதற்குப் பதில் வந்தது. அவனுடைய குரல். கடையில் பேரம் படிந்ததும் வருகிற, அவசரமே இல்லாத, சிரிப்பு கலந்த அவனுடைய அதே குரல்.

“நான்தான் இங்க இருக்கேனே. அது எவனோ. நீ அசையாத.”

ஜன்னலுக்கு ஓடினான். கம்பியைப் பிடித்தான். கத்தினான் என்றுதான் நினைத்தான். வாயிலிருந்து காற்று வந்தது.

உள்ளே விளக்கு எரிந்தது. அவள் பக்கவாட்டில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. அவள் வழியாக வந்தது. முதுகில் இலை இலையாக. தோளில் மொட்டு மொட்டாக. கையில் வளைந்து வளைந்து இறங்கிய ஒரு கொடி. கன்னத்தில் சின்னதாக ஒரு முல்லை, அதற்குள் சுடர் அசைந்தது. ரத்தம் இல்லை. ஓரங்களெல்லாம் வழவழப்பு. அத்தனை சுத்தமான வேலை.

அவளைச் சுற்றித் தரையெல்லாம் மாவு மாதிரித் தூள்.

பின்னால் சுவரில், ஒரு காலை மடக்கி, தலை குனிந்திருந்த நிழலின் முழங்கை ஏறியது. இறங்கியது.

கிர்.

“மெதுவா அறுங்க” என்று அவள் நெளிந்து சிரித்தாள். “கூசுது.”

கிர். கிர்.

அவள் காதுக்குக் கீழே ஒரு வெளிச்சக் கோடு ஆரம்பித்திருந்தது. நூல் பருமன். அது கழுத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது, நிதானமாக, கோணாமல். இந்தப் பக்கம் இன்னும் ஒரு மயிரிழை மிச்சம் இருந்தது.